கறுப்புக் குட்டை, மார்ச் ஏழு

துளைப்பான் எழுபத்தோரு சென்டிமீட்டர் இறங்கியதும்
தண்ணீர் பொங்கி வந்தது,
ஆறிப்போன கட்டந்தேநீர் நிறத்தில்.
குனிந்து முகர்ந்தேன். அழுகிய முட்டை.
நகராட்சிப் படிவத்தில் அதற்கும் ஒரு கட்டம் உண்டு:
வாடை, ஆம் அல்லது இல்லை.
ஆம்.

கரையில் வண்டிக்குள் என் அண்ணன் உர்ப்போ.
ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்து இருக்கையில்.
உரிமத்தை அக்டோபரில் பிடுங்கிக்கொண்டார்கள்,
கயானி சாலையில், காலை ஒன்பது மணிக்கு.

ஒரு மீட்டர் ஆழத்தில் ஆக்சிஜன் பூச்சியம் புள்ளி ஆறு.
இரண்டில் பூச்சியம் புள்ளி ஒன்று.
மூன்றில் பூச்சியம்.
கேபிளை ஆட்டிப் பார்த்தேன்,
கருவியைத் தட்டிப் பார்த்தேன்,
பூச்சியம் பூச்சியமாகவே இருந்தது.

நவம்பரில் சாத்திய கதவு இது.
மேலே பனி விழுந்து வெளிச்சத்தையும் அடைத்துவிட்டது.
உள்ளே செத்த பாசி
மிச்சமிருந்த மூச்சை மெல்லத் தின்று தீர்த்தது.

கம்பிக்கூண்டைத் தூக்கினேன்.
பெர்ச் மூன்று. மூன்றும் வெளுத்து, வாய் திறந்தபடி.
அவற்றுக்கு அடியில்
கையகலத்தில், பழைய செப்புக்காசு நிறத்தில்
ஒரு ரூத்தானா.
வாலை அசைத்தது,
பக்கத்து வீட்டுக்காரர் அழைத்ததற்கு
எழுந்திருக்காமலே தலையாட்டுவதுபோல.

கோடை முழுக்கத் தின்று
ஈரலைச் சர்க்கரை மூட்டை ஆக்கி வைத்திருக்கும்.
காற்று தீர்ந்ததும் அதைப் பிரிக்கும்.
கண்ணை ஏறக்குறைய அணைத்துவிடும்,
பார்க்க அங்கே என்ன இருக்கிறது?
இதயத்தை மட்டும் நிறுத்தாது.
காற்றில்லாமல் எரித்தால் புளிப்பு சேரும்,
மற்ற மீன்களை உள்ளிருந்தே கொல்லும் புளிப்பு.
இது அந்தப் புளிப்பைச் சாராயமாக்கிச்
செவுள் வழியே வெளியே விட்டுவிடும்,
நாளெல்லாம், இரவெல்லாம், மாதக்கணக்கில்.

கொஞ்சம் ரத்தத்தில் தங்கத்தான் செய்யும்.
சாலையில் நிறுத்தி ஊதச் சொன்னால்
ரூத்தானாவின் உரிமமும் போய்விடும்
என்று பள்ளிப் பிள்ளைகளிடம் சொல்வேன்.
பதினோரு வருடமாக அந்த இடத்தில் சிரிக்கிறார்கள்.
இந்த வருடம் அந்த வரியை
விட்டுவிட்டேன்.

ஒப்பிடக் கூடாது.
மீன் மீன்தான், உர்ப்போ உர்ப்போதான்.
மீன் குடிப்பதில்லை, காய்ச்சுகிறது.
அப்புறம், வெளியே விட
அதற்கு ஒரு குட்டையே இருக்கிறது.

வண்டிக் கதவு சாத்தும் சத்தம்.
கையுறை இல்லாமல் நடந்து வந்தான்,
போன இரவின் பனியில் முழங்கால் புதைய.
வாளிக்குள் எட்டிப் பார்த்தான்.

"உசிரோடயா இருக்கு?"
"இருக்கு."
"எதை மூச்சு விடுது?"
"ஒண்ணையும் விடலை."
"எத்தனை நாளா?"
போன முறை வந்தபோதே அடியில் பூச்சியம்தான்.
"முப்பத்தெட்டு. அதுக்கு மேலயும் இருக்கும்."

சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.
வாளி விளிம்பில் பனிக்கட்டி கட்டத் தொடங்கியதை
நகத்தால் சுரண்டிக்கொண்டே கேட்டான்,
"சர்க்கரை தீந்துபோச்சுன்னா?"

ஏப்ரல் கடைசிக்குள் பனி உடைந்தால் போதும் என்றேன்.
உடையாவிட்டால் என்று அவன் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

வெறுங்கையை வாளிக்குள் விட்டு அவனே எடுத்தான்.
எனக்குத்தான் கூசியது அந்தக் குளிர்.
துளைக்கு மேல் பிடித்து, விரல்களை விரித்தான்.
அது பாயவில்லை, துள்ளவில்லை.
இறங்கியது, அவ்வளவுதான்,
மாடிப்படியில் ஒருவர்
கைப்பிடியைப் பிடித்தபடி இறங்குவதுபோல.

படிவத்தில், உயிருள்ளவை: ஒன்று.

அதற்குள் துளையின் ஓரங்கள் மூடத் தொடங்கியிருந்தன.
நான் கேட்காமலே அவன் சல்லடைக் கரண்டியை எடுத்து
பனிச்சிதறலை அள்ளி அள்ளிப் போட்டான்,
கைகள் சிவந்து, கொஞ்சம் நடுங்கி.
குளிராலா, வேறெதனாலா, கேட்கவில்லை.

மறுபடி ஒருமுறை கேபிளை இறக்கினேன்.
பூச்சியம்.
எழுதிக்கொண்டேன்.
"பிடிச்சுக்க," என்று கருவியை அவனிடம் நீட்டினேன்.
அடுத்த துளை இருபது மீட்டர் தள்ளி.